பூட்டிய வீட்டில் சிக்கிய பை

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் நல்ல உயரம். அந்த உயரத்தைப் பார்த்துத்தான், மில்லின் கூடைப்பந்து அணியில் ஆடுவதற்கென்று அவரை நிரந்தரமில்லாத பதிலித் தொழிலாளியாக எடுத்திருந்தார்கள். பகலில் ஷிப்ட், சாயங்காலம் பயிற்சி. கறம்பக்குடியிலிருந்து பார்க்க வந்த என் ஆத்தா, "அடியில்லாத கூடையில பந்தப் போடுறதுக்கு ஒரு சம்பளமாடி?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவளுக்குச் சிரிப்பு. எங்களுக்கு அதில்தான் பிழைப்பு. அந்த வருடப் போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களை நிரந்தரமாக்குவதாக மில்லில் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டம் சொல்லிக்கொடுத்த கோச், பட்டாளத்தில் இருந்தவர். அவர் விசில் ஊதும்போது எல்லாரும் பனியன், ஷூவோடு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தவறினாலும் கோட்டுக்கு வெளியேதான். சைக்கிள் பஞ்சர் என்று தாமதமாக வந்த கேப்டனே ஒரு சாயங்காலம் முழுக்க வெளியே நின்றிருக்கிறார். "மாமியாகூட இம்புட்டுக் கண்டிசன் போடமாட்டா" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

கடைசி ஆட்டம் எங்கள் மில் மைதானத்திலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு மணிக்கு விசில், நாலரைக்கு ஆட்டம். ஷிப்ட் முடிந்து அவர் வீடு வர மூன்று மணிக்கு மேலாகும். செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். நான் ஐந்தாவது படித்தவள். காலண்டரில் அதைப் பார்த்துவிட்டேன். அவரிடம் சொன்னால் திட்டுவார்.

கெட்ட நேரத்தில் புறப்பட வேண்டியிருந்தால், அதற்கு முன்பே பையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பரஸ்தானம் என்பார்கள். பை புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. ரெண்டரை மணிக்கே அவருடைய பனியனும் ஷூவும் இருந்த பையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வந்து சோறு வடித்தேன்.

அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் பையைக் கேட்டார். எடுக்கப் போனால் அக்கா வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

"தங்கச்சிக்கு வலி எடுத்துருச்சுன்னு ஆள் வந்துச்சு. புருசனும் பொண்டாட்டியும் கீரமங்கலம் பஸ்ஸப் புடிக்க ஓடிட்டாக" என்றார்கள் எதிர்வீட்டில்.

நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நேரத்துக்குப் போயி நிக்கவாவது செய்றேன்" என்று வெறுங்காலோடு ஓடிவிட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. லைன் வீடுகளில் நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது. மேலே ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருக்கும். கட்டில் மேல் டிரங்குப் பெட்டியை வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, அங்கிட்டுக் குதித்தேன். அக்காவின் தண்ணீர்ப் பானை ஒன்று போயிற்று. பையை எங்கள் வீட்டுப் பக்கம் எறிந்துவிட்டு, அவள் உரல்மீது நின்று மறுபடி ஏறி வந்தேன். முழங்காலெல்லாம் சிராய்ப்பு.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மைதானம் முழுக்க ஆண்கள். நான் அந்நியர் முகத்தை நிமிர்ந்து பார்த்தே பழக்கமில்லாதவள். அவர் கோட்டுக்கு வெளியே தனியாக நின்றார். கோச் கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார்.

"விசில் ஊதி இருபது நிமிசம் ஆச்சு. பைய மறந்துட்டேன்னு சொன்னான்."

என் தப்பை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்! எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "அவுக மறக்கலைங்க. ராகு காலம்னு நாந்தான் பக்கத்து வீட்டுல வச்சேன். அந்த வீட்டுக்காரவுக பூட்டிட்டுப் போயிட்டாக. சொவரேறிக் குதிச்சு எடுத்தாந்திருக்கேன்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கோச் சிரிக்கவில்லை.

"ஒங்களத் தப்புச் சொல்லலம்மா. ஆனா ஷூ அவனோடது. அவன்தான் பாத்துக்கணும். மொத பாதி வெளியதான்." பிறகு என் முழங்காலைப் பார்த்தாரோ என்னவோ, "ஒக்காருங்க. ரெண்டாவது பாதிய இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

முதல் பாதியில் மதுரைப் பக்கத்து அணி எங்களைப் புரட்டி எடுத்தது. நான் தரையைப் பார்த்தபடியே இருந்தேன். ரெண்டாவது பாதியில் அவர் இறங்கினார். நான் அதுவரை அவர் ஆடிப் பார்த்ததில்லை. மனிதர் எழும்பினால் இறங்க மனமில்லாதவர் மாதிரி இருந்தது! கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அவர் எழும்பிப் போட்ட பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது; ஜெயித்துவிட்டோம். அத்தனை பேருக்கு நடுவில் நானும் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். பிறகு அடுத்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த மாதம் நிரந்தர ஆர்டர் வந்தது. ஊரிலிருந்து திரும்பிய அக்கா உடைந்த பானையைப் பார்த்து, "பந்தாடுனது அவுகளா, நீயாடி?" என்று கேட்டது லைன் முழுக்கப் பரவிவிட்டது.

கோச் அன்று இரக்கப்பட்டு அவரை முதலிலேயே இறக்கியிருந்தால், அது யாரோ விட்டுக்கொடுத்து வந்த வெற்றியாகப் போயிருக்கும். கோச் சொன்ன தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டு ஜெயித்ததால்தான், இந்த வயதிலும் அந்தக் கைதட்டலைக் கூச்சமில்லாமல் நினைத்துச் சந்தோஷப்பட முடிகிறது.