ஐந்தொகைக்கு நான் கட்டிய கதை

ஒரு சொல்லுக்குப் பொய்யான பிறப்புக் கதை கட்டினேன். குட்டு உடைந்தபோது பழியை இன்னொருவர் தலையில் விழவிட்டேன்.

தொண்ணூறுகளில் பர்மாவில், தின்கன்ஜூன் கோயிலில் மாலைத் தமிழ் வகுப்பு நடத்திய ஆசிரியை, தமிழ்த் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். வளர்ந்த பிறகு ஆசைப்பட்டுத் தமிழ் படித்தவர். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வருஷக் கடைசிக் கணக்குக்கு ஏன் ஐந்தொகை என்று பெயர் என அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்தார்.

“சயா, நீங்க படிச்சவங்க. அஞ்சுன்னா எந்த அஞ்சு?”

எனக்குத் தெரியாது. ஆனால் வாயார ‘சயா’, அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டவரிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

“ஒரு ராஜாவுக்கு அஞ்சு ராணி, அஞ்சு அடுப்படி. வருஷக் கடைசியில அஞ்சு கணக்கும் சரியா நின்னாத்தான் ராஜாவுக்குச் சோறு!”

சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் பொங்கியது. மூன்றாவது ராணிக்கு மாறுகண்கூட வைத்தேன்.

அவர் அதை நாடகமாக்கிவிட்டார். கோயில் ஆண்டு விழாவில், தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி முன்னால், அட்டைக் கிரீடம் சூடிய ஐந்து சிறுமிகள் கரண்டியோடு ராஜாவைத் துரத்தினார்கள். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. விருந்தாளி எழுந்தார்.

“முதல், வரவு, செலவு, ஆதாயம், இருப்பு. இந்த அஞ்சு தொகைன்னுதான் எங்க பக்கம் சொல்லுவாங்க. ராணிங்க எங்கேருந்தம்மா வந்தாங்க?”

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து, சுற்றாத மின்விசிறியைப் பார்த்தேன்.

“நான்தான் சொல்லிக் கொடுத்தேன்” என்றார் அவர்.

“பர்மாக்காரிகிட்ட தமிழ் படிச்சா இப்படித்தான்” என்று கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். அத்தோடு ஆசிரியை வருவதை நிறுத்தினார், வகுப்பும் நின்றது.

உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் கமிட்டியார் முன் போய் நின்று உண்மையைச் சொன்னேன். பிறகு ஆசிரியை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, கோயிலுக்கு அழைத்து வந்து, பிள்ளைகள் எதிரிலும் ஒப்புக்கொண்டேன். சரியான ஐந்தையும் விளக்கினேன்.

“இது நல்லாவே இல்லே. ராணியே இருக்கட்டும்” என்றாள் ஒருத்தி.

“வேணும்னா மாறுகண்ணை எடுத்துடலாம்” என்றான் பக்கத்திலிருந்தவன்.

கை தூக்கச் சொன்னேன். ராணிகள் ஜெயித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஆசிரியை அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார், நானும்தான்.

வகுப்பு மறுபடி நடந்தது. ஆனால் அதன்பின் நான் எதைச் சொன்னாலும், முகம் மலர, “எந்தப் புத்தகத்துல இருக்கு, சயா?” என்பார். கொட்டும் மழையிலும் தடித்த அகராதியை லுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் பஸ் ஏறுவேன்.