பதிமூன்று கிலோ போதும்

துறைமுகச் சாலையில் இருந்த டைவிங் கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத சர்வீஸ் அறையில் வேலை பார்த்தவளை எல்லாரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்திரண்டு. கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியைத் தண்ணீருக்கடியில் சுரண்டியே இருபத்துமூன்று வருஷம் பிழைத்தவள். முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்ததும், அடுத்தவர்களுடைய வால்வுகளைப் பிரித்துக் கழுவிப் பூட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. சம்பளமும் இல்லாமல் ஒருவன் எதற்காகக் குளிரில் விறைக்க வேண்டும்? விறைத்ததோடு விடாமல், கரையேறி ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் வேண்டுமா? உப்பு பூத்த சாமானைக் கழுவாமல் கொண்டுவந்து நீட்டுகிறவர்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "வெச்சிட்டுப் போங்க" என்பாள். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தங்கை புருஷன் ஒரு பல் டாக்டர். எதை எடுத்தாலும் அதில் கரைகண்டவர் போலப் பேசுகிற ஆள். முதலில் மலையேறும் சைக்கிள். பிறகு டெலஸ்கோப். இரண்டும் அவர் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தன. நாற்பத்தாறாவது வயதில் அவருக்குக் கடல் பித்துப் பிடித்தது. ஆறு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு, சொந்தமாகச் சாமான் வாங்க வேண்டும் என்று சர்வீஸ் அறைக்கு வந்து நின்றார்.

"விங் விஷயமா உங்க கருத்து ஒண்ணு வேணும்க்கா."

விங் என்பது முதுகில் கட்டும் இரும்புத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மாட்டுகிற காற்றுப்பை. காற்றை அடைத்தால் ஆள் மிதப்பான், விட்டால் இறங்குவான். இதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது, கணக்குத்தான் இருக்கிறது என்பது அவள் எண்ணம். கருத்துக் கேட்டு வருகிறவன் முடிவை ஏற்கெனவே பையில் போட்டுக்கொண்டுதான் வருவான் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தங்கைக்காக எழுந்தாள்.

பின்வாசலில் சாமான் கழுவும் தொட்டி இருந்தது. அவருடைய ரப்பர் உடுப்பைச் சுருட்டி வலைப்பைக்குள் திணித்து, ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே தண்ணீருக்குள் அமுக்கினாள். ஆறு கிலோ சேர்ந்ததும் பை தானாக முழுகியது.

"பாத்தீங்களா மாப்ள? உங்க உடுப்போட மிதப்பு மொத்தமே ஆறு கிலோ. ஆழத்துல நசுங்கினா அதுதான் போகும். அதுக்கு மேல போறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்ல. சிலிண்டர்ல அடைக்கிற காத்து ஒரு ரெண்டரை கிலோ. ஆக எட்டரை. பதிமூணு கிலோ தூக்குற பை தாராளம்."

"சேஃப்டின்னு பாத்தா, பெருசா இருக்கறது நல்லதுதானே?"

"உங்களுக்கு ஏழாம் நம்பர் செருப்பு. சேஃப்டிக்குப் பன்னெண்டாம் நம்பர் போட்டுட்டு ஓடுவீங்களா?"

டாக்டர் சிரித்தார். ஊசிக்குப் பயந்து வாயைத் திறக்காத நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. தலையையும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. முன்கடை விற்பனையாளன், மீனையே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடக்கூடிய வாய்க்காரன், அவர் தலையில் இருபத்தேழு கிலோ தூக்குகிற பை ஒன்றைக் கட்டிவிட்டான். இரட்டைச் சிலிண்டர் கட்டிக் கப்பல் சிதைவுகளுக்குள் நுழைகிறவர்களுக்கென்று செய்த சாமான். சுற்றிலும் சிவப்பு ரப்பர் கயிறுகள். டாக்டருடைய ஒற்றைச் சிலிண்டரில் மாட்டியபோது குருவி தலையில் பனங்காய் வைத்தது போல இருந்தது.

"உங்க பதிமூணு கிலோவும் இதுக்குள்ள அடக்கம்தானேக்கா" என்றார் டாக்டர்.

கிணற்றில் கல்லைப் போட்டாலாவது சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அக்கா, அவரு ஞாயித்துக்கிழமை படகுல போறாரு. நீயும் கூடப் போயேன். நீ இருந்தா எனக்கு பயமில்ல."

அக்காவுக்கு இரண்டு நாளாகச் சளி. சளியோடு முங்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் பாடமெல்லாம் பொழுதுபோக்கு ஆசாமிகளுக்கு, தனக்கில்லை என்று ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள்.

படகில் டாக்டர் பையில் காற்றை நிரப்பிச் சோதித்துப் பார்த்தார். பையின் இரண்டு ஓரங்களும் பின்பக்கமாக மடங்கி எழும்பி, சிலிண்டரைப் பொட்டலம் கட்டுவது போலச் சுற்றிக்கொண்டன. மடிப்பில் மாட்டுகிற காற்று லேசில் வெளியே வராது. அக்கா அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அவளுடைய மாற்றுப் பை, சிறியது, படகின் பெட்டிக்குள் சும்மாதான் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம்.

படட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பதினெட்டு மீட்டரில் பாறை ஓரமாக இருபது நிமிஷம் சுற்றினார்கள். டாக்டர் பொத்தானை அமுக்கிக் காற்றை ஏற்றுவதும் விடுவதுமாகவே இருந்தார். மேலே வரும் வழியில் ஒன்பது மீட்டரில்தான் வினை. ஏற ஏற உள்ளே இருந்த காற்று விரிந்தது. அவர் பையின் காற்றை விடும் குழாயை உயர்த்திப் பிடித்து அமுக்கினார். நாலு குமிழி வந்தது, நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் மடிப்புக்குள் சிக்கிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் முட்டையாக விரிந்ததை அக்கா பார்த்தாள். மூச்சை வேறு பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும்.

எட்டி அவர் காலைப் பிடித்தாள். தன் பையின் காற்றை முழுக்க விட்டாள். அப்படியும் இருவரும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் மேலேயே தொற்றி ஏறி, வயிற்றில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். மூச்சு குபுக்கென்று வெளியே வந்தது. பிறகு சிலிண்டரோடு சேர்த்துப் பையின் ஓரத்தை, ஈரத்துணியைப் பிழிவது போல, இரண்டு கையாலும் தோள்பக்கமாக அழுத்தித் தள்ளினாள். காற்று கொத்துக்கொத்தாக வெளியேறியது. கடைசி நாலு மீட்டரில் வேகம் கொஞ்சம் குறைந்தது. அதற்குள் சளி அடைத்த இடது காதுக்குள் சூட்டுக்கோல் வைத்தது போல ஒரு வலி. அதன் பிறகு அந்தப் பக்கம் உலகமே அடங்கிவிட்டது.

டாக்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவுக்குச் செவிப்பறை கிழிந்திருந்தது. ஆறு மாதம் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

காது மருத்துவமனை வராந்தாவில், வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் அக்கா, தங்கை, பல் டாக்டர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர், பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரிடம், "வால்வு ஜாம் ஆயிடுச்சுங்க. நல்லவேளை, நான் பதட்டப்படல" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா கேட்கிற காதாலேயே அதைக் கேட்டுத் தொலைத்தாள்.

"வால்வுல ஒண்ணும் இல்ல. பை பெருசு. மடிப்புல காத்து நின்னுடுச்சு. படகுலயே தெரிஞ்சுது" என்றாள்.

தங்கை மெதுவாகத் திரும்பினாள். "படகுலயே யாருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்குத்தான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஒரு தடவை சொன்னேன். கேக்கல. பட்டுத் திருந்தட்டும்னு விட்டேன்."

தங்கை மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தாள். "உன்னை நம்பித்தான்க்கா அனுப்புனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து மருந்துக் கவுண்டருக்குப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு போன் இல்லை.

அந்த இரண்டு மாதமும் அக்காவுக்குச் சாமான்கள் மேல் கை ஓடவில்லை. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தது. தெரிந்ததால் டாக்டர் மேல் இருந்த இளக்காரம் ஒரு பொட்டும் குறைந்துவிடவில்லை. முட்டாள் முட்டாள்தான். ஆனால் முட்டாள் செத்துப்போயிருப்பான், அதை அவள் பக்கத்திலிருந்து வேடிக்கை பார்த்திருப்பாள்.

கடைசியில் வந்தவர் டாக்டர்தான். ஒரு மத்தியானம், கிளினிக் சட்டையோடு, சர்வீஸ் அறை வாசலில்.

"நான் மனசுல எதையும் வெச்சுக்கலக்கா. உங்களை மன்னிச்சிட்டேன். வீட்லயும் பேசிட்டேன். சாயங்காலம் போன் பண்ணுவா."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வலிக்காது, வாயைத் திறங்க என்கிற அதே குரலில் இந்த ஆள் மன்னிப்பை நீட்டியபோது அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க அவளிடம் நியாயம் இல்லை.

"உக்காருங்க" என்றாள்.

பதிமூன்று கிலோ பைகள் இரண்டை மேஜைமேல் எடுத்து வைத்தாள். ஒன்று முழு வளையம், இன்னொன்று லாட வடிவம். வளையத்தில் காற்று அடிப்பக்கமாகச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். லாடத்தில் ஒரு பக்கம் நின்ற காற்றை வெளியேற்ற உடம்பைச் சாய்க்க வேண்டும்.

"லாடம்தான் அனுபவசாலிங்க சாய்ஸ்னு ஒரு கட்டுரையில படிச்சேன்" என்று டாக்டர் அதை எடுத்தார்.

அக்கா அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள். "நீங்க அனுபவசாலி இல்ல மாப்ள. வளையத்தை எடுங்க."

"நிறம் கொஞ்சம்..."

"கறுப்புதான். எடுங்க."

தகட்டில் தானே மாட்டினாள். பை சிலிண்டரைத் தாண்டி எங்கும் மடங்கவில்லை என்று நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவரைத் தரையில் குப்புறப் படுக்கச் சொல்லி எல்லாவற்றையும் முதுகில் கட்டினாள். பையில் காற்றை நிரப்பி, இடுப்புக்குப் பின்னால் தொங்கும், காற்றைத் திறந்துவிடுகிற கயிற்றைத் தேடிப்பிடித்து இழுக்கச் சொன்னாள். காற்று புஸ்ஸென்று இறங்கியது.

"சரியா?"

"இன்னும் ஒம்பது தடவை."

டாக்டர் எண்ணெய்க் கறை படிந்த தரையில் கன்னத்தைச் சாய்த்தபடி இழுத்தார். இழுத்துக்கொண்டே, அன்றைக்கு ஒன்பது மீட்டரில் தான் எவ்வளவு நிதானமாக இருந்தார் என்பதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அக்கா கேட்கிற வலது காதை அவர் பக்கம் திருப்பாமல், மறுபடியும் பையில் காற்றை நிரப்பினாள்.