தலையாட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச்

மோகனப்பிரியாவின் தசைகள் பிறந்ததிலிருந்தே அவள் சொல் கேட்பதில்லை. கைகள் இஷ்டத்துக்கு வீசும், பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் ஒரே ஒரு சுவிட்ச் போதும், கணினியில் என்ன வேண்டுமானாலும் எழுதிவிடுவாள். திரையில் எழுத்துகளும் ஆயத்தப் பதில்களும் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது அழுத்த வேண்டும். அந்தச் சுவிட்ச்சை உடம்பில் எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் இப்போது ஒரு வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் புடவைக்கடையில் வாட்ஸ்அப் விசாரணைகளுக்குப் பதில் எழுதும் வேலை. முதலாளி ஆயிஷா ஒரு வாரச் சோதனைக்கு எடுத்திருந்தார். சிகிச்சையாளர் அகிலன் சுவிட்ச்சைக் கன்னத்தோரம் பொருத்தியிருந்தார். அவருடைய அமைதியான அறையில் ஒரு தப்புகூட வரவில்லை.

கடையில் கதையே வேறு. ஆயிஷா பேசிக்கொண்டே இருப்பவர். அவர் பேசப் பேச, கேட்கிறேன் என்று பிரியாவின் தலை இரு பக்கமும் ஆடும். ஆடும்போதெல்லாம் சுவிட்ச் அழுந்தும். பட்டு பாதி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்ட அம்மாளுக்கு, ‘கிடைக்கும்’ என்று பதில் போய்விட்டது. அவர் உடனே மூன்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணிடும்மா. இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கணும் லா,” என்றார் ஆயிஷா.

அகிலன் வந்து பார்த்தார். வேலை நேரத்தில் தலையாட்டாமல் இருக்கப் பழகலாம் என்றார்.

“பொம்மை மாதிரி உக்காந்து கேக்கணுமா? தலைய விடுங்க,” என்றாள் பிரியா. “இடது முட்டி.”

அவர் தயங்கினார். திடுக்கிட்டால் அவள் கால் துள்ளும். துள்ளுவது வலது கால்தான், இடது முட்டியால் தள்ளித்தான் வீட்டில் கதவு திறக்கிறேன் என்று அவள் பொறுமையாகச் சொல்லி முடித்தாள்.

“அழுத்தறது சரி. சட்டுன்னு விட வருதா பாப்போம்,” என்றார் அகிலன்.

சுவிட்ச்சை முட்டியருகே கையில் பிடித்தபடி, கடையில் கொடுத்த தேநீர் ஆறும்வரை அழுத்தி அழுத்தி விடச் சொன்னார். களைத்தபோது முட்டி தானாகவே சாய்ந்து சுவிட்ச்சில் பட்டது. ஒரு விரல் தள்ளிவைத்தார். இன்னும் கீழே என்றாள். பிறகு சக்கர நாற்காலிச் சட்டத்தில் இறுக்கமாக முடுக்கினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆயிஷா சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொன்னார். பிரியா ஆசைதீரத் தலையாட்டினாள். ஒரு பதில்கூடத் தவறாகப் போகவில்லை.

“திங்கக்கெழமைலேந்து வந்துடு. ஒம்பதுக்கு வந்துருவல்ல?”

தலை பழக்கத்தில் ஆடியது. ஆனால் திரையில் வேறு பதில் வந்தது: ‘பத்து மணி. அதற்கு முன்னால் ஈசூன் நிலையக் கூட்டத்தில் என் நாற்காலி ரயில் ஏற முடியாது.’

“இதுல நான் எத நம்பறது?”

“முட்டிய,” என்றாள் பிரியா.

ஆயிஷா பத்துக்கு ஒப்புக்கொண்டார்.