மை குடிக்காத தாள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இரண்டு நோட்டு தைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த பிறகு. இருபது தாள்களை அடுக்கி நடுவில் மடிக்க வேண்டும். மடிப்பு என் வேலை. கோணி ஊசியால் தைப்பது அம்மாவின் வேலை.

"இன்னாடி இது, மடிப்பு கோணலா போவுது? ஸ்கேலு புடிச்சி வேல செய்றவ நீ."

"ஒரு மில்லிமீட்டர்தாம்மா."

"அந்த ஒரு மில்லிமீட்டருதான் சுத்துக்கேணி டீச்சர் கண்ணுல மொதல்ல படும். பிரி."

பிரித்து மறுபடி மடித்தேன். அவள் தைத்து முடித்து நூலைப் பல்லால் அறுத்தாள். இரண்டு நோட்டையும் மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். செவ்வாய்க்கிழமை கொண்டுபோக வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு, வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள் கையில் சீப்போடு சாய்ந்தாள். மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

அவள் பெயர் காசம்மாள். கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர். அங்கே அரசு நடுநிலைப் பள்ளியில் பதினெட்டு வருடம் துப்புரவுப் பணியாளர். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. அதற்கு முன் பத்து வருடம் கரும்பு வெட்டினாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் அவள் மகள் ரோஸ்லின். கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஒரு காகிதம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அளப்பது என் அன்றாட வேலை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மை ஊறாத நோட்டைக் கண்டுபிடித்தது நானல்ல, அம்மா.

அது ஒரு சிமெண்ட் சாக்கில் ஆரம்பித்தது. வகுப்புகளைக் கூட்டும்போது தீர்ந்துபோன ரீஃபிள் பேனாக்கள் நிறைய வரும். பள்ளிக்குப் பின்னால் உள்ள குழியில் குப்பையோடு கொளுத்துவது வழக்கம். ஒரு நாள் காற்று திரும்பி, புகை மூன்றாம் வகுப்புக்குள் போயிற்று. பிள்ளைகள் அரை மணி நேரம் இருமினார்கள். அன்றிலிருந்து அம்மா பேனாக்களைக் கொளுத்தவில்லை. தனியாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். ஒரு வருடம் கழித்து அந்தச் சாக்கை இழுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியை கஸ்தூரி டீச்சரின் அறையில் கவிழ்த்தாள்.

"இன்னா காசம்மா இது?"

"ஒரு வருசத்து பேனா டீச்சர். பதினோரு கிலோ. பழைய இரும்புக் கடக்காரன் வாணாங்கிறான். கொளுத்துனா பசங்க இருமுதுங்க. நீங்களே வெச்சிக்குங்க. இல்லன்னா மை பேனா வாங்க சொல்லுங்க. ஒண்ணு வாங்குனா நாலு வருசம் வரும்."

டீச்சர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த குவியலைப் பார்த்தார். அடுத்த கல்வியாண்டில் ஆறு முதல் எட்டு வரை எல்லோருக்கும் மை பேனா என்று அறிவித்தார்.

இரண்டே வாரத்தில் சிக்கல் வந்தது. கடை நோட்டுத் தாள் மையைக் குடித்தது. எழுத்துகளுக்குக் கால் முளைத்தது. ஒரு பக்கம் எழுதினால் மறு பக்கம் வீண். இரண்டு மாதம் வர வேண்டிய நோட்டு ஒரே மாதத்தில் தீர்ந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் குமரவேல் பள்ளிக்கு வந்தார். நான்கு காணியில் கரும்பு போடுகிறவர். அம்மா ஒரு காலத்தில் அவர் நிலத்திலும் வெட்டியிருக்கிறாள்.

"யாரு குடுத்த ரோசன இது?"

"நான்தாண்ணே."

"உனக்கு கூட்டறதுக்கு தொடப்பம் குடுத்தாங்களா, பள்ளிக்கூடம் நடத்த குடுத்தாங்களா?"

கஸ்தூரி டீச்சர் இடையில் புகுந்து சமாதானம் செய்தார். குமரவேல் போன பிறகு டீச்சர் அம்மாவை அழைத்தார்.

"அரையாண்டு பரீட்சைக்கு முன்னாடி பெற்றோர் கூட்டம் வெப்போம் காசம்மா. அதுக்குள்ள மை ஊறாத நோட்டு, கட நோட்டு வெலைக்கே கெடச்சா சரி. இல்லன்னா ரீஃபிள் பேனாதான். நானும் எத்தினி பேருக்கு பதில் சொல்றது?"

அம்மாவுக்கு அதன் அர்த்தம் தெரியும். சாக்கு மறுபடி நிறையும். குழி மறுபடி புகையும். தொடப்பம் என்ற சொல் ஊருக்குள் நிலைத்துவிடும். அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"ரோசு, தாளு தேடணும்டி."

நான் முறையாகத் தேடினேன். மூலக்குளத்திலும் டவுனிலும் கடை கடையாக ஏறி மாதிரி வாங்கினேன். துணிக்கழிவில் செய்த கைக்காகிதம் பார்க்க அழகு. ஆனால் ஒரு நோட்டு விலையில் கடை நோட்டு ஆறு வாங்கலாம், மையும் ஊறியது. பழைய தாளைக் கூழாக்கிச் செய்த பழுப்புத் தாள் மலிவு. அது மையை உறிஞ்சியே விட்டது. வெளிநாட்டுத் தாள் ஒன்று கண்ணாடி மாதிரி நின்றது. அதன் விலையை அம்மாவிடம் சொல்லவே இல்லை. மலிவாக இருக்க வேண்டும், மை ஊறக் கூடாது; மரம் வெட்டிச் செய்ததாகவும் இருக்கக் கூடாது என்பது நான் சேர்த்தது. மூன்று வாரத்தில் பதினான்கு மாதிரி. மூன்றும் சேர்ந்து எதிலும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஆறாம் வகுப்பில் மை பாட்டில் உருண்டு கொட்டியது. அம்மா வழக்கம்போல் குப்பைக்கூடையிலிருந்து தாள்களை எடுத்துத் துடைத்தாள். முதல் தாள் மையைக் குடித்தது. இரண்டாவதும் குடித்தது. மூன்றாவது தாள் குடிக்கவில்லை. மையைத் தரையில் தள்ளிக்கொண்டே போனது. அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்த கரும்பு விவசாயிகள் கூட்டத்தின் நோட்டீஸ். அடியில் சின்ன எழுத்தில், மூலக்குளம் அச்சகம் ஒன்றின் பெயர்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். அச்சகம் நடத்தும் பாக்யராஜுக்கு என் வயதுதான் இருக்கும். மை கறை படிந்த நோட்டீஸை அம்மா அவன் மேஜையில் வைத்தாள்.

"தம்பி, இது இன்னா தாளு?"

"அதுவா? கரும்பு சக்க தாளுக்கா. சாறு புழிஞ்ச சக்கைய கூழாக்கி மிஷின்ல ஓட்றது. மரம் கெடையாது. கரும்புக்காரங்க நோட்டீசாச்சேன்னு அதுல அடிச்சேன். வெலயும் மத்த தாளு மாதிரிதான்."

"சக்கையா? பத்து வருசம் வெட்டுனேன், ஒருத்தன் சொல்லல பாரேன்."

அவனிடம் ஏழு வகைத் தாள் இருந்தது. அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு மூலையைக் கிழித்து நாக்கில் வைத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஐய, இன்னாக்கா, தாள துன்றீங்க? பசின்னா சொல்லுங்க, டீ வர வெக்கிறேன்."

"இரு தம்பி. நாக்குல ஒட்டிக்கிச்சின்னா குடிக்கிற தாளு. வழுக்கிக்கினு வந்துச்சின்னா எழுதற தாளு."

நான் வாங்கிக் குவித்த பதினான்கு மாதிரிகளையும் அவள் வீட்டில் இப்படித்தான் சோதித்திருக்கிறாள். மூலைகள் காணாமல் போனதற்கு எலிதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

ஏழையும் வரிசையாக அடுக்கிவிட்டாள். நல்லது முதலில், மோசமானது கடைசியில். எனக்கு நம்பிக்கையில்லை. மாதிரிகளை வாங்கி, திங்கட்கிழமை கம்பெனியில் சோதித்தேன். சோதனை எளிது. தாளை எடை போட வேண்டும். அதன் மேல் ஒரு நிமிடம் தண்ணீரை நிறுத்தி, ஒற்றி எடுத்து, மறுபடி எடை போட வேண்டும். அம்மாவின் முதல் தாள் சதுர மீட்டருக்கு இருபத்திரண்டு கிராம் குடித்தது. கடைசித் தாள் தொண்ணூற்று நான்கு. நடுவில் இருந்த ஐந்தும் அவள் அடுக்கிய அதே வரிசை. இரண்டு முறை திரும்பச் செய்தேன். மாறவில்லை. போன் செய்தேன்.

"ம்மா, ஏழும் சரி."

"இன்னா சரி?"

"உன் நாக்கு."

"பின்ன? கொழம்புக்கு உப்பு பாக்கற நாக்குடி அது."

முதல் தாள் அந்தக் கரும்புச் சக்கைத் தாள்தான். பாக்யராஜ் கடை நோட்டு விலைக்கே கோடு போட்டுத் தைத்துக் கொடுத்தான். முதலில் ஆறாம் வகுப்புக்கு நாற்பது நோட்டு.

நான்காம் நாள் மை ஊறியது.

நாற்பதில் முப்பது நோட்டில் கறை. குமரவேல் பள்ளி வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். கூட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. ஊறிய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். எழுதாத இடத்தைச் சோதித்தேன். இருபத்துமூன்று கிராம். தாளில் குறையில்லை. பேனா முள்ளைச் சந்தேகித்தேன். நான்கு முட்களை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்து என்ன சோதிப்பது என்று தெரியவில்லை.

"ஒன் மிஷினு பொய் சொல்லாது," என்றாள் அம்மா. "என் நாக்கும் பொய் சொல்லாது. அப்ப தாள வுட்டுட்டு பசங்கள பாக்கணும்."

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன், குழாயடியை அவள் வழக்கத்தைவிட மெதுவாகக் கூட்டினாள். குமரவேலின் மகள் மணிபாரதி வந்தாள். பேனாவைத் திருகித் திறந்து குழாயில் பிடித்தாள்.

"இன்னா கண்ணு பண்ற?"

"தண்ணி ஊத்தறேன் ஆயாம்மா. வெறும் மை போட்டா சீக்கிரம் தீந்துடுமாம். பாதி மை, பாதி தண்ணி. அப்பா சொல்லுச்சு."

அவளுக்குப் பின்னால் ஆறு பேர் பேனாவோடு நின்றார்கள். வீட்டில் ஏற்கெனவே பாதி தண்ணீர் கலந்த மை. பள்ளியில் இன்னொரு பாதி. ஷாம்பு பாட்டில் தீரும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்குவோம். அதே சிக்கனம். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நீர்த்த மை முள்ளில் நிற்காமல் இறங்கும். எந்தத் தாளும் அதைத் தாங்காது. நான் சோதனைக்கெல்லாம் புது பாட்டில் மையைத்தான் பயன்படுத்தினேன். எங்கள் வீட்டு ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவது நான். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு நூறு பேர் வந்திருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கஸ்தூரி டீச்சர் பேசி முடித்ததும் அம்மா ஒரு நோட்டும் இரண்டு பேனாவுமாக எழுந்து வந்தாள். நேராகக் குமரவேலிடம் போனாள்.

"அண்ணே, ஒரு கையெழுத்து போடுங்க."

"எதுக்கு? என் நெலத்த எழுதி வாங்கறியா?"

கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அவர் முதல் பேனாவால் கையெழுத்துப் போட்டார். கோடுகள் தடித்து, தாளின் பின்பக்கம் நீலமாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா? இத்தத்தான் நானும் சொல்றேன்!" என்று தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இருங்கண்ணே. இப்ப இந்த பேனாவுல போடுங்க. அதே தாளு."

போட்டார். கோடு மெலிதாக, அழுத்தமாக நின்றது. திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. விரலால் தேய்த்துப் பார்த்தார். மறுபடி ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பினார். வெள்ளை.

"இது இன்னா மை?"

"கட மைண்ணே. தண்ணி ஊத்தாதது."

"அப்ப மொத பேனா?"

"அது உங்க வூட்டு மை."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. விருத்தாம்பாள் என்ற ஒரு தாய், "எங்க வூட்லயும் அதான் பண்றோம், அவுர மட்டும் சொல்லாத காசம்மா!" என்று கத்தினாள். குமரவேலும் சிரித்துவிட்டார்.

"செரி, தாளு? அது இன்னா தாளு?"

"கரும்பு சக்கண்ணே. உங்க தோட்டத்து சக்கயா கூட இருக்கும்."

அவர் நோட்டை வெகுநேரம் புரட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "என் கரும்புல என் பொண்ணு எழுதட்டும். மை இனிமே ஆயாம்மா கையில இருக்கட்டும். எங்கள நம்பாதீங்க டீச்சர், நாங்க ஊத்திடுவோம்." தொடப்பத்தைச் சொன்ன வாய் அது. அன்று முதன்முதலாக அவரும் அவளை ஆயாம்மா என்றார். முதலில் கை தட்டியது யார் என்று தெரியவில்லை, எல்லோரும் தட்டினார்கள். அம்மா நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றாள். கரும்புக்கட்டைத் தலையில் ஏற்றி நிமிரும்போது அவள் கழுத்து எப்படி நிற்குமோ, அப்படி நின்றது.

அதன்பின் திங்கட்கிழமைதோறும் ஊசி இல்லாத சிரிஞ்சால் நூற்று இருபது பேனாவுக்கு மை நிரப்பினாள். ஒரு சொட்டு சிந்தாது. பிள்ளைகள் நோட்டின் இரண்டு பக்கமும் எழுதினார்கள். வருடக் கடைசியில் ரீஃபிள் பேனாக்களை எடை போட்டோம். நானூறு கிராம்.

"இதுவும் டீச்சருங்க போட்டது," என்றாள்.

இந்தச் செய்தி எப்படியோ சுத்துக்கேணிக்குப் போயிற்று. அந்தப் பள்ளியின் செல்வகுமாரி டீச்சர் போன் செய்து, மாதிரிக்கு இரண்டு நோட்டு கேட்டார். அங்கே இன்னும் ரீஃபிள் பேனாதான். அங்கேயும் குழியில்தான் கொளுத்துகிறார்கள். தபாலில் அனுப்பலாம் என்றேன். "தாள அனுப்பிடலாம், தண்ணி சமாச்சாரத்த எப்பிடி அனுப்புவ?" என்றாள் அம்மா. அந்த நோட்டுகளைத்தான் அன்று ஞாயிற்றுக்கிழமை தைத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மஞ்சள் பையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நோட்டு, ஒரு சிரிஞ்சு, மூடியை நூலால் இறுக்கிய மை பாட்டில். ஒரு துண்டுத் தாளும் இருந்தது. மறக்காமல் இருக்க மை பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். எழுத்து பெரிது பெரிதாக, கோட்டை விட்டு ஏறி இறங்கி.

"செவ்வாய். சுத்துக்கேணி. வில்லியனூர்ல எறங்கி பஸ் மாறணும். செல்வகுமாரி டீச்சர். நோட்டு ரெண்டு. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு மொதல்ல சொல்லணும்."