ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட நோய்

இமாம் ஷகூர் நாடியை விட்டுவிட்டுக் கைலேஞ்சியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"சாகக்கிடக்கிற ஆள் மாதிரி தெரியலையே, பாய்."

வலை ஊஞ்சலில் படுத்திருந்த கராமத்துக்கு இது பிடிக்கவில்லை. இருபது வருஷமாக அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கொரண்டைன் கடற்கரையில், கறுப்புக் கால்வாய்க்கு இந்தப் பக்கம், சாகக்கிடக்கிற ஆள் என்றால் அது கராமத்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் நெஞ்சு, சிறுநீரகம், முழங்கால் மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். ஊர் கூடி அவர் தலைமாட்டில் சாகிறவர்களுக்கான யாசீனை நாலு தடவை ஓதியிருக்கிறது. நாலு தடவையும் ஓதி முடித்த கையோடு அவர் எழுந்து உட்கார்ந்து, வந்தவர்களுக்கு என்ன சமைத்திருக்கிறது என்று விசாரித்துத் தனக்கும் ஒரு தட்டு போடச் சொன்னார்.

இன்றைக்கு மட்டும் அவர் சாகாமல் இருக்க வேண்டியிருந்தது.

காரணம் நஸ்மூன். ஆறு மாதக் குழந்தையாக அவர் மனைவி தூக்கிக்கொண்டு வந்த பெண். இப்போது முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட வாசலில் கடலைச் சுண்டலும் பருப்புமாவுப் புளூரி உருண்டையும் விற்கிறாள். மனைவி போன பிறகு அவருடைய மருந்து பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும், அவரைத் திட்டுவதும் அவள்தான். இந்த வீடு உனக்குத்தான் என்று அவள் பல் முளைத்த நாளிலிருந்து சொல்லி வந்தார். சொன்னால் போதும் என்றுதான் நினைத்திருந்தார்.

இரண்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பள்ளிவாசலில் இமாம் சொத்துப் பங்கு பற்றிப் பேசினார். வளர்த்த பிள்ளைக்குப் பங்கு கிடையாது என்றார். கராமத்துக்குப் பெற்ற பிள்ளை இல்லை, மனைவி இல்லை. இறந்துபோன அண்ணனின் மகன் கயூம் ஒருவன்தான் வாரிசு. முழு வீடும் நியூயார்க்கில் இருக்கிற அவனுக்கு. வேண்டுமானால் மரண சாசனம் எழுதி மூன்றில் ஒரு பங்கை நஸ்மூனுக்கு விடலாம், அதற்கு மேல் முடியாது. கராமத் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வீட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கிற எட்டு மரத்தூண்களையும் சுற்றி நடந்து பார்த்தார். மூன்றில் ஒன்று என்றால் எது? சமையலறையும் படிக்கட்டுமா? அண்ணன் மகன் மாடியில் இருப்பான், அவளைக் கேட்காமல் இறங்க முடியாது.

மறுபடி இமாமிடம் போனார். உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாமே என்றார் இமாம். அதற்கு மூன்றில் ஒன்று என்கிற கணக்கெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, வீட்டைத் துப்புரவாகக் காலி செய்து அவள் கையில் ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று, கொடுக்கிறவர் மரண நோயில் இருக்கக் கூடாது. மரண நோயில் கொடுத்தால் அதுவும் சாசனம் மாதிரிதான், மூன்றில் ஒன்றோடு நின்றுவிடும்.

கராமத்தின் துரதிர்ஷ்டம், இந்தப் பேச்சைக் கேட்பதற்கு ஒரு வாரம் முன்புதான் கயூமுக்குப் போன் செய்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். கயூம் வந்து இறங்கிவிட்டான். இதோ, ஊஞ்சலுக்கு எதிரே, வீட்டுக்கு அடியில் போட்டிருந்த பெஞ்சில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஜனாஸா அடக்கத்துக்குன்னு லீவு போட்டு வர்றது இது மூணாவது தடவை, சாச்சா," என்றான். "இப்ப வந்து, நான் நல்லாத்தான் இருக்கேன்னா எப்படி?"

அவன் கெட்டவன் இல்லை. கோபம்கூட அதிகம் இல்லை. ஆனால் பையிலிருந்து ஒரு கேசட் பெட்டியை எடுத்து பெஞ்சில் வைத்தான். அவன் வீட்டில் இல்லாத நேரம் போனில் பதிவான பேச்சு. பொத்தானை அழுத்தினான். கராமத்தின் குரல் இழுத்து இழுத்து வந்தது. மகனே, இந்த மாசத்தைத் தாண்டமாட்டேன், மூச்சு மேலேயே நிற்கிறது, உன் வாப்பா பக்கத்தில் இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். நடுவில் இருமல் இரண்டு இடத்தில் வந்தது.

கராமத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். யாரோ பாவம் என்று தோன்றியது.

"இது நீங்க சொன்னதுதானே, பாய்?" என்றார் இமாம்.

"என் குரல்தான்."

"அப்ப சாகக்கிடக்கீங்களா, இல்லையா?"

நஸ்மூன் படிக்கட்டில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. தனக்கு ஒன்றும் வேண்டாம், மனுஷர் மிச்சமிருக்கிற காலம் நிம்மதியாக இருந்துவிட்டுச் சாகட்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். கயூம் வீட்டை விற்றால் அவள் எங்கே போவாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கேயும் இல்லை.

இமாம் தாடியைத் தடவியபடி யோசித்தார். நோய் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். மதகு உடைந்து வயல் முழுக்க உப்புத் தண்ணீர் ஏறிய வருஷம் என்றார் கராமத். அப்படியானால் இருபது வருஷம். ஒரு நோய் கூடாமல் குறையாமல் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டால் அது மரண நோய் இல்லை, அவர் சுகமான மனுஷர் கணக்குத்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று இமாம் விளக்கினார். கயூமும் தலையாட்டினான். நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூடியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள் என்றான். சாச்சாவை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"அல்லாவுக்குப் பயந்து சொல்லுங்க," என்றார் இமாம். "இந்த ஒரு வருஷத்துல நோய் கூடியிருக்கா?"

கராமத் வாயைத் திறந்தார். இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் வாய் ஒரே பதிலுக்குத்தான் பழகியிருந்தது. முழங்கால் தயாராக இருந்தது. அதன் பின்னால் நெஞ்சு. இப்படி ஒரு சபை, இமாம், நியூயார்க்கிலிருந்து வந்த ஆள் எல்லோரும் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற சந்தர்ப்பம் இனி அமையாது. ஆனால் உண்மை என்னவென்று யோசித்தால், போன வருஷம் ஏறிய படிகளை இந்த வருஷமும் ஏறினார். போன வருஷம் இரண்டு தட்டு சோறு, இந்த வருஷமும் இரண்டு தட்டு. அதை இதுவரை அவர் யோசிக்காமலே சமாளித்து வந்திருந்தார்.

நஸ்மூனின் கை மாவுக்குள் நின்றிருந்தது.

"இல்ல," என்றார் கராமத்.

"சத்தமா சொல்லுங்க, பாய்."

"இல்ல. கூடல. அப்படியேதான் இருக்கு."

"இருபது வருஷமாவா?" என்றான் கயூம்.

"ஆமாடா."

கராமத் சுவர் இல்லாத பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். துணி இல்லாமல் தெருவில் நிற்பது போலிருந்தது.

அன்று மாலைக்குள் வீடு காலியாக வேண்டும் என்றார் இமாம். கராமத்தின் பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பெட்டி, பாய், குடை, தொழுகைத் தொப்பி, ஒரு ரேடியோ. மருந்து பாட்டில்கள் மட்டும் நாற்பத்தொன்று. கயூம்தான் எண்ணி எண்ணிக் கூடையில் வைத்தான். பாதிக்கு மேல் காலி பாட்டில்கள். தூக்கிப் போடலாமா என்று கேட்டதற்கு நஸ்மூன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கால்வாய்மேல் போட்ட பலகையைத் தாண்டி எதிர்வீட்டு ராம்பால் வீட்டில் எல்லாம் இறங்கியது. கடைசியாக ஊஞ்சலை அவிழ்த்தார்கள். கராமத் தானே நடந்து போனார். யாரும் கைத்தாங்கலாகப் பிடிக்கவும் இல்லை.

இமாம் சாவியை வாங்கி நஸ்மூன் கையில் வைத்தார். அவள் மாவுக் கையோடு வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் மூன்று அறைகளையும் பார்த்துவிட்டு வந்து, ஒரு அறை ஒழுகுகிறது என்று சொன்னாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை எட்டு மணி மினிபஸ்ஸில் நஸ்மூனும் கயூமும் இமாமும் நியூ ஆம்ஸ்டர்டாம் டவுனுக்குப் போனார்கள். கராமத் காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்பளிப்புப் பத்திரத்தில் கயூம் பத்திர ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். வரிசை நீளம், மத்தியானம் ஆகிவிட்டது. ராம்பால் வீட்டில் கராமத் சோறும் ஹசார் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மூன்று மணிக்கு நஸ்மூன் வந்து எழுப்பி, தன் வீட்டு முன் அறையில் இருந்துகொள்ளலாம் என்றாள். இரண்டு நடையில் சாமான் எல்லாம் திரும்பிப் போனது. நாலரைக்கு மழை பிடித்தது. கயூம் கூரைமேல் ஏறி ஒழுகுகிற தகரத்தின் மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டினான்.