கீல்களை வெல்டு வைத்த சைக்கிள்

மண்ணெண்ணெயில் ஊறிய துருவுக்கு ஒரு வாசனை உண்டு; நான் ஆறாவது முடித்த கோடை விடுமுறை முழுவதும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அந்த வாசனைதான் அடித்தது. காரணம், பட்டாளத்துக்காரர்கள் மடித்துத் தூக்கிக்கொண்டு போவதற்காகச் செய்த பழைய சைக்கிள் ஒன்று. பக்கத்துக் கிராமமான பெருமுக்கலில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் அதை ஏதோ கிடங்கு ஏலத்தில் எடுத்துவந்து, ஓட்டாமலே மாட்டுக் கொட்டகையில் போட்டுவைத்திருந்தார். அவரிடமிருந்து அம்மா அதை வாங்கினாள்.

அம்மாவுக்கு விழுப்புரத்தில் அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை. காலை பாசஞ்சர் ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வெளியே டவுன் பஸ் வராது. ஓட்டமும் நடையுமாக அவள் போய்ச் சேரும்போது வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்திருக்கும். சைக்கிளை மடித்து ரயிலில் ஏற்றி, விழுப்புரத்தில் விரித்து மிதிப்பது அவள் திட்டம். ஞாயிற்றுக்கிழமை வண்டி எனக்கு. "நீ கேரியர்ல குந்திக்கினா போதும், எங்க சொல்றியோ அங்க வுடுறேன்" என்றிருந்தாள்.

பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, "மிலிட்டரி சைக்கிள தூக்கிக்கினு பொம்பள ரயில்ல ஏறுவாளா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அம்மா துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தேய்க்கத் தேய்க்கத்தான் அது எவ்வளவு பெரிய "பேஜாரு" என்று தெரிந்தது. பெடல் என்ற பெயரில் வெறும் இரண்டு இரும்புக் குழல்கள், அதுவும் ஒன்று வளைந்து. புது டயரை மாட்டினால் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் பிதுங்கியது. சட்டத்தின் நடுவில் மேலும் கீழுமாக இரண்டு கீல்கள், அவற்றை இறுக்கக் காது வைத்த நட்டு இரண்டு வேண்டும். ஒன்று தொலைந்துபோயிருந்தது, இன்னொன்றில் காது உடைந்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு கடை பாக்கியில்லாமல் அலைந்தோம். எந்த நட்டும் அந்த மரைக்குச் சேரவில்லை. இரண்டு சுற்று சுற்றி அப்படியே நின்றுவிடும். கடைசியில் விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறையில் கடையக் கொடுத்தாள். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று மூன்று வாரம் ஓட்டினார்கள். முதலில் கொடுத்த ஜோடியும் சேராமல் திரும்பிப் போனது.

நட்டுகள் சரியாகச் சேர்ந்த அன்று சாயங்காலம் அம்மா தெருவில் வைத்து அவற்றைத் தளர்த்தினாள். பின்சக்கரத்தின் மேல் முன்சக்கரம் நோட்டுப் புத்தகத்தைப் போல வந்து மூடிக்கொண்டது. நாலு தரம் மடித்து நாலு தரம் விரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செயின் மட்டும் அடிக்கடி கழன்றதால், அதைச் சரிசெய்ய மார்க்கெட் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த காதர் பாயிடம் விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அவர் முகமெல்லாம் பூரிப்பு. "பாருக்கா, இனிமே ஜென்மத்துக்கும் ஆடாது!"

இரண்டு கீல்களையும் வெல்டு வைத்து, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தார்.

"யாரு உங்கள இத செய்யச் சொன்னது?"

"சார்தான்க்கா வந்து சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா அந்தப் பற்றவைப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அறுத்துவிடலாமா என்று கேட்டாள். அறுத்தால் கீலும் சேர்ந்து போய்விடும் என்றார் அவர், குரல் இறங்கிப்போய்.

வீட்டில் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நடு ரோட்ல மடங்கிச்சின்னா? லாரி வர்ற ரோடு."

"என் வண்டி. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்டிருந்தால் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் அம்மா அவரிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் அவள் சைக்கிளை பஸ் கூரையில் போட்டு விழுப்புரம் கொண்டுபோய், ஸ்டேஷனை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டாள். தினமும் இறங்கி அங்கே எடுத்து மிதித்தாள். சிவப்புக் கோடு நின்றது. "பாத்தியா, பிரயோஜனமாத்தான இருக்குது" என்று அப்பா சொன்னபோது அவளுக்கு வந்த கோபம் முதல் கோபத்தைவிடப் பெரிது. இதற்கு எந்தச் சைக்கிளும் போதுமே, ஒரு கோடையையே எதற்காகத் தேய்த்தேன் என்று பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி விழுப்புரத்தில் நின்றது, நான் திண்டிவனத்தில் நின்றேன். அந்தக் கேரியரில் நான் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை.

அந்த ஸ்டாண்ட் இப்போது இல்லை. அம்மா உடம்பு சரியில்லாமல் நீண்ட லீவில் இருந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், சைக்கிள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. காதர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார்.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், இன்னும் அந்தக் கோபம் இருக்கிறதா என்று.

"பயந்துட்டாரு, எனக்கு ஏதாச்சும் ஆயிடும்னு. அது எனக்கும் தெரியும்" என்றாள். "அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? மெக்கானிக்குகிட்ட போய்ச் சொல்லியிருக்காரு."