குழிமண்ணில் மூன்று கோதுமை

பெரிஹானுக்கு உறவென்று மிஞ்சியவை கருகிய விதைகள்தான். துருக்கியின் உர்ஃபாவைச் சுற்றித் தோண்டிய அகழாய்வுக் குழிகளின் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் கரித்துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தே நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள். மனிதன் முதன்முதலில் எப்போது விதைத்தான் என்பது ஒன்றுதான் அவள் கேள்வி.

ஓய்வு பெற்ற பிறகு, 1981இல் கட்டிவைத்த மண்மூட்டை ஒன்றில் மூன்று கோதுமை மணிகள் அகப்பட்டன. மூட்டையின் மண் குழியின் அடியாழத்தில் எடுத்தது; மனிதன் விதைக்கத் தொடங்காத அந்தக் காலத்து மண்ணில் இவ்வளவு கொழுத்த மணி இருக்கவே கூடாது. பெரிஹானுக்குத் தலைகால் புரியவில்லை. எவனும் சந்தேகப்படக் கூடாதென்று மூன்றையுமே வயது பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

முடிவைச் சொல்லப் போனில் அழைத்த நெவ்சாத், அன்று கூடவே தோண்டியவன், விழுந்து விழுந்து சிரித்தான்.

"பன்னெண்டாயிரம் வருஷம்னு குதிச்சியே பெரிஹான்! இது நாம தோண்டின வருஷத்துக் கோதுமை. எவனோ குழிமேட்டுல உக்காந்து பச்சைக் கதிரை வாட்டித் தின்னிருக்கான்!"

எவனோ இல்லை, ஷெவ்கெத். வாட்டிய கதிரை உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, அவளிடம் மட்டும் நீட்டியவன். அவள் வெட்கத்தில் கொஞ்சம் குழிக்குள் சிந்திவிட்டாள். அவர்கள் இருவருக்கும் கல்யாணம் பேசியிருந்த அந்தக் குளிர்காலத்திலேயே அவன் செத்துப்போனான்.

"அந்த மணிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லேன், நெவ்சாத்."

"எந்த மணி? எரிச்சுத்தானே வயசு பாப்பாங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியும். மூன்றையும் எரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.